தொட்டில் கட்டையில் மூன்றாவது கோடு

குருவி, அம்மா எழுதுகிறேன். நேற்று உன் மகளின் தொட்டிலை அவிழ்த்தோம். படுக்க வைத்தால் இரண்டு காலும் வெளியே தொங்குகிறது. தானே பிடித்து இறங்கி, வாசலில் கோழியை விரட்டப் போய்விடுகிறாள். இனி எதற்குத் தொட்டில் என்று உன் பெண்டாட்டி அன்னம் முடிச்சை அவிழ்த்து, சேலையை மடித்து வைத்துவிட்டு, கட்டையை என் மடியில் போட்டாள். நீ பாதியும் நான் பாதியும் கடைந்த கட்டை. அதை வைத்துக்கொண்டு ராத்திரிச் சோறு ஆக்கும் நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். உனக்கு எழுதவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

இந்தக் கடிதம் போய்ச் சேர இடமில்லை என்று எனக்குத் தெரியும். உன்னோடு ஒரே லாரியில் ஏறிப் போன ஆறுமுகம் போன மாதம் சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து திரும்பி வந்தான். எலும்பும் தோலுமாக வந்து வாசலில் நின்றான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றுப்போக்கு வந்து மூன்றே நாளில் போய்விட்டாயாம். ஆற்றங்கரையில் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் அவனே குழி தோண்டினானாம். உனக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம், அய்யா. அழவேண்டியதையும் அழுதுவிட்டேன். இப்போது எழுதுவது அழுவதற்காக இல்லை. நீ இல்லாதபோது இங்கே நடந்த ஒரு விஷயம் உனக்குத் தெரியவேண்டும். நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுக்கிறேன் என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அய்யா சொல்லியிருக்கிறார். எழுத்தைத் திருத்துங்கள், பேச்சை மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எழுதி முடித்ததும் புகைக்கூட்டில் என்னோடு உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன். அதனால் இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

அந்தப் புகைக்கூட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். ஜப்பான்காரன் வந்து, வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடி, ரப்பர் பால் வாங்க ஆளில்லாமல் தோட்டம் நின்றுபோனபோது, ரப்பர் ஷீட்டு புகையில் காயத் தொங்கிய இடம் வௌவாலுக்கு வீடாகிவிட்டது. பால்மரத்தை வரிசை வரிசையாக வெட்டிச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார்கள். எல்லாரும் அரிசி எங்கே, உப்பு எங்கே என்று அலைந்துகொண்டிருந்தோம். நீ மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீடோங் டவுனுக்குப் போய், சீனன் தச்சுப்பட்டறை வாசலில் மேசைக்கால் கடைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வந்து புகைக்கூட்டின் மூலையில் இரண்டு கட்டையை நட்டாய். எதிரும் புதிருமாக இரண்டு ஆணி அடித்தாய். நடுவில் ஒரு மரத்துண்டைப் பொருத்தி, அதைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, அன்னத்தை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுக்கச் சொன்னாய். பழைய அரத்தைத் தீட்டி உளி செய்துகொண்டாய். முதலில் நீ கடைந்தது எனக்கு ஒரு மத்து. "பாலும் கெடையாது, மோரும் கெடையாது, இந்த மத்த வச்சு என்னடா பண்றது, ஒந்தலையக் கடையவா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். கோபம் வராத பிள்ளை நீ. அந்த மத்து இன்னும் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. மோர் இன்னும் வரவில்லை.

அடுத்ததாக நீ கையில் எடுத்தது இந்தக் கட்டை. சேலைத் தொட்டிலின் வாய் மூடிக்கொள்ளாமல் குறுக்கே செருகுவதற்கு. அன்னம் அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். நான் மரவள்ளிக் காட்டிலிருந்து வரும்போது ஒரு முனையை முடித்திருந்தாய். இரண்டு வளையம், நுனியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு குமிழ். அவ்வளவு வழுவழுப்பு.

"என்னடா இது?"

"தொட்டில் கட்டைம்மா. பலா மரம். பூச்சி தொடாது."

"வயித்துல இருக்கற பிள்ளைக்கு யாராச்சும் தொட்டில் கட்டுவாங்களா? எடுத்து உள்ள வை. பொறந்தப்புறம் பாத்துக்கலாம்."

"நான் எங்கம்மா கட்டுறேன்? கட்டைதான கடையறேன்."

"எதுத்துப் பேசாத. வைடா உள்ள!"

 உளி முனையால் கடையாத பக்கத்தில் மூன்று கோடு கீறினாய். "மறந்துடக் கூடாதுல்ல, அதான் அடையாளம். ஒம்பேரப்பிள்ள பொறந்த மறுநாளு மிச்சத்த முடிச்சிடறேன், சரியா?" என்று கட்டையைக் கூரைச் சந்தில் செருகி வைத்தாய். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தது உனக்குத் தெரியும். உன் அப்பா ஆசையில் முன்கூட்டியே விட்டத்தில் கயிறு மாட்டி வைத்தார். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. அந்தக் கயிறு காலியாகத் தொங்கியதை நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அதனால்தான் உன்னை அதட்டினேன். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அதிகாரம் மட்டும் பண்ணினேன்.

பத்து நாள் கழித்து, காலையில் எல்லாரும் வரிசையில் நிற்கும் பெரட்டில் பெயர் வாசித்தார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதம் வேலை, அரிசியும் துணியும் கொடுப்பார்கள் என்றார்கள். நீ அன்று மத்தியானம் என்னிடம் மெதுவாகக் கேட்டாய், "பெண்டாங்கு பக்கம் எனக்குத் தெரிஞ்ச மலாய்க்காரர் வீடு இருக்கும்மா, நெல்லு வயல்ல போயி ஒளிஞ்சிக்கவா?" என்று. நான்தான் வேண்டாம் என்றேன். பிடித்தால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயந்தேன். "மூணு மாசந்தானடா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும். பிள்ள பொறக்கறதுக்குள்ள வந்துடுவ," என்றேன். தொட்டிலை வேண்டாம் என்றதும் நான். சயாமுக்குப் போ என்றதும் நான். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் கடிதம் என்றால் அம்மா சொல்வதைக் கேள் என்றுதான் எழுதுவார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். அம்மா சொல்வதில் பாதி பயம், குருவி. எது பயம், எது புத்தி என்று பிள்ளைதான் பிரித்துப் பார்க்கவேண்டும். உன் மகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

மூன்று மாதம் ஆயிற்று. லாரி வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் புகைக்கூட்டுக்குப் போனேன். உன் பலகையில் போய் உட்கார்ந்தேன். சும்மாதான் உட்கார்ந்தேன். நீ உட்கார்ந்த இடம். உளி அங்கேயே கிடந்தது. என் பின்னாலேயே வந்த வீரம்மா, பக்கத்து லயத்து வீட்டு வீரம்மாதான், என்னைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்து கயிற்றை எடுத்தாள். "இழுக்கவா?" என்றாள். "இழு," என்றேன். இப்படித்தான் ஆரம்பித்தது. கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. அதில் கொஞ்சம் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

வெட்டிப் போட்ட பால்மரத்துண்டு மலை மாதிரி கிடந்தது. அதில்தான் பழகினேன். முதல் மூன்று வாரம் ஒரு துண்டு ஒழுங்காக வரவில்லை. உளியை வைத்தால் மேலே கீறிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் கடித்து, மரத்தைப் பிடுங்கி வீரம்மாவின் மடியில் எறியும். "என்னயக் கொல்லத்தான் கூட்டியாந்தியா?" என்று கத்துவாள். தப்பு எங்கே என்று தெரியவில்லை. பத்து வயதிலிருந்து பால் வெட்டியவள் நான். என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். கத்தியைப் பட்டையில் வைத்து, சரிவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே போகவேண்டும். தோலை மட்டும் சீவவேண்டும். கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் அது காயம். வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து விரலை வைத்துப் பார்த்து, அன்றைக்குப் பூராவும் திட்டுவான். முப்பது வருஷம் மரத்தைத் தொடாமல் இருக்கப் பழகிய கை, மரத்தை வெட்டு என்றால் எப்படி வெட்டும்? பயந்து பயந்து மேலே தடவும். போதாததற்கு இழுத்துக்கொண்டு வேறு போகும். வீரம்மா இடம் மாறி உட்கார்ந்தபோது அவளும் அதையேதான் செய்தாள். நான் சிரித்த சிரிப்பில் வௌவால் எல்லாம் கலைந்தது. நீ போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு மரவள்ளிக் கிழங்கு தோண்டும்போது என் மணிக்கட்டு பிசகிவிட்டது. வலி தாங்காமல் முழங்கையைக் கால் முட்டியோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கை அசையவில்லை. உளி அசையவில்லை. வீரம்மா இழுத்தாள். மரம் என் பக்கம் சுற்றி வரும்போது, வாழைப்பூ மடல் மாதிரி ஒரு சுருள் தானாகக் கழன்று விழுந்தது. கயிறு அந்தப் பக்கம் போகும்போது உளியைக் கொஞ்சம் பின்வாங்கினேன். மறுபடி வரும்போது வைத்தேன். மறுபடி சுருள். "ஐயோ அக்கா, வருது லா!" என்று வீரம்மா கூவினாள். பால் வெட்டும்போது மரம் நிற்கும், நாம் நடப்போம். இதில் நாம் நிற்கவேண்டும், மரம் வரும். மணிக்கட்டு ஆறிய பிறகும் முழங்கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். பீடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாய் மரவள்ளி மாவு கேட்டு வந்தவர். கடையில் விற்க ஒன்றும் இல்லை. "கடையில உக்காந்து ஈ ஓட்டுறதுக்கு இங்க கயிறு இழுக்கலாம் லா," என்று வாரத்துக்கு இரண்டு நாள் சைக்கிளில் வர ஆரம்பித்தார். அவர் கடைந்ததெல்லாம் சப்பாத்திக் கட்டை. ஒன்று, இரண்டு, ஏழு. "மாவு எங்க பாய்?" என்று வீரம்மா கேட்டால், "மாவு வர்ற அன்னிக்குக் கட்டையத் தேடிக்கிட்டு ஓட முடியுமா?" என்பார். கிராணி அய்யா ஆபீஸ் மூடிக் கிடந்ததால் வந்தார். சட்டையை மடித்துவிட்டு, எதையும் முதலில் நூல் வைத்து அளப்பார். ஒரு கிண்ணம் கடைந்து, அதைத் தோட்டம் பூராவும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். இரண்டு மாதத்தில் அதன் அடியில் மாவு மாவாகக் கொட்டியது. பால்மரத்தைப் பூச்சி விடாது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வாழ்நாள் பூராவும் அந்த மரத்தோடு இருந்தவர்கள், அதன் பாலைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. "பாய், உங்களுக்கு மாவு வந்துருச்சு, இந்தாங்க," என்று வீரம்மா அந்தக் கிண்ணத்தை நீட்டினாள். கிராணி அய்யா அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் நூலோடு வந்தார்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. கயிறு ஓடும்போது சயாம் பேச்சு எடுக்கக்கூடாது. வீரம்மாதான் போட்டாள். அவள் புருஷனும் உன் லாரியில்தான் போனான். எங்கள் யாருக்கும் இது பிழைப்பு இல்லை. நாங்கள் கடைந்ததை வாங்க ஆளும் இல்லை. பசித்த வயிற்றோடு உட்கார்ந்து, ஒரு மரத்துண்டு உருண்டையாவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். முடிந்ததும் கைமாற்றிக் கைமாற்றித் தடவிப் பார்ப்போம். குருவி, உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். நான் அப்போது சந்தோஷமாக இருந்தேன். நீ அங்கே மழையில் கல் சுமந்துகொண்டிருந்த அதே நாட்களில், நான் இங்கே சிரித்துக்கொண்டிருந்தேன். ஆறுமுகம் வந்து சொன்ன பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டேன். இப்போது வெட்கமில்லை. நீ மாட்டிவிட்டுப் போன கயிற்றில் வந்த சந்தோஷம் அது. உன் கணக்கில் கொஞ்சம் என் பக்கம் வந்தது என்று வைத்துக்கொள்.

கூரைச் சந்தில் இருந்த உன் கட்டையை மட்டும் நான் தொடவில்லை. நான் போட்ட தடை, பிள்ளை பிறக்கும் வரைக்கும் நான்தான் காக்கவேண்டும். ஆனால் எதற்காகப் பழகுகிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை, அப்பன் கைபட்ட கட்டையில் ஆடவேண்டும். பலா மரத்தில் அப்படி ஒரு துண்டு வேறு கிடையாது. தப்பாக வெட்டினால் உன் பாதியும் போய்விடும்.

அன்னம் நல்லபடியாகப் பெற்றாள். பெண். பதினாறாம் நாள் தொட்டிலில் போடவேண்டும். பிறந்த மறுநாள் கட்டையை இறக்கினேன். நீ வாக்குக் கொடுத்த நாள். ஆனால் உளியை வைக்கத் தைரியம் வரவில்லை. "கை சரியில்ல," என்றேன். அடுத்த நாள் "வெளிச்சம் பத்தல," என்றேன். இப்படியே பதினாலு நாள் ஓடியது. பதினைந்தாம் நாள் அன்னம், பச்சை உடம்பு, சொல்லச் சொல்லக் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புகைக்கூட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அத்த, நாளைக்குத் தொட்டில். கட்ட எங்க?"

"நீ எதுக்குடி இங்க வந்த? போய்ப் படு."

"கெட்டாலும் பரவாயில்ல, அத்த. கெட்ட கட்டையில ஆடுறேன்னு எம்பொண்ணு ஒண்ணும் அழமாட்டா."

 நீ கடைந்த முனையில் கயிறு உராயாமல் பழந்துணியைச் சுற்றினேன். கட்டையை ஆணிக்கு நடுவே பொருத்தினேன். முழங்கையைக் கட்டிக்கொண்டேன். வீரம்மா கயிற்றைப் பிடித்தாள். பாய் சப்பாத்திக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தொழுகையில் நிற்பவர் மாதிரி நின்றார். கிராணி அய்யா உன் முனையின் அளவை நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். முதல் சுற்றில் என் கை பழைய புத்தியைக் காட்டியது. மேலே தடவியது. "ஏன்க்கா, பாலு வெட்டுறியா? வாளி கொண்டாரவா?" என்றாள் வீரம்மா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் கை இளகியது. உளியை ஊன்றினேன். பலா மரம் மஞ்சள் மஞ்சளாகச் சுருண்டு என் மடியில் விழுந்தது. முதல் கோட்டில் ஒரு வளையம். இரண்டாவது கோட்டில் ஒரு வளையம். நுனியில் குமிழ். உன்னுடையது எலுமிச்சம்பழம் என்றால் என்னுடையது கொய்யாக்காய். ஒரு பக்கம் கொஞ்சம் சப்பை. ஆனால் கெடவில்லை, அய்யா. கெடவில்லை.

மிச்சம் மூன்றாவது கோடு. உன் முனையில் இரண்டு வளையம்தான். இந்தப் பக்கம் மட்டும் ஏன் மூன்று கோடு கீறினாய்? "தம்பி அளவு தப்பாப் போட்டிருக்கும்," என்றார் கிராணி அய்யா. "ரெண்டாவது பிள்ளைக்கும் சேத்துப் போட்டிருப்பான்," என்றாள் வீரம்மா. பாய் குனிந்து பார்த்துவிட்டு, "அதயும் கடஞ்சிடு தங்கச்சி, எதுக்கு மிச்சம் வைக்கிற?" என்றார். நான் உளியைக் கீழே வைத்தேன். "அது அவன் வந்து போடட்டும் பாய்," என்றேன்.  எங்கள் சட்டத்தை நான்தான் முதலில் மீறினேன். நல்லவேளை, கயிறு அப்போது நின்றிருந்தது.

மறுநாள் தொட்டில் போட்டோம். துணிக்குப் பஞ்சம். நல்லதாக மிஞ்சியிருந்தது என் கூறைச்சேலை ஒன்றுதான். அதைக் கட்டி, நடுவில் கட்டையைச் செருகி, உன் முனை தலைமாட்டுப் பக்கம் வரும்படி வைத்து, உன் மகளைப் படுக்க வைத்தோம். விழித்தாள், மேலே பார்த்தாள், கொட்டாவி விட்டாள், தூங்கிவிட்டாள். பாய் எங்கேயோ கெஞ்சி வாங்கிவந்த ஒரு பொட்டலம் சீனியை எல்லாருடைய நாக்கிலும் கிள்ளிக் கிள்ளி வைத்தார். அந்த ஒரு நாளுக்காகவாவது நான் இருந்தேனே என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஜப்பான்காரன் போய்விட்டான். பாய் கடையில் மாவு வந்துவிட்டது. ஏழு கட்டையும் வேலை செய்கிறதாம். வெட்டாமல் விட்ட மரங்களில் மறுபடி பால் வெட்டப் பெயர் எழுதுகிறார்கள். திங்கட்கிழமை பெரட்டுக்கு நானும் வீரம்மாவும் போகவேண்டும். புகைக்கூட்டை மறுபடி ஷீட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதால் உன் ஆணியையும் பலகையையும் கழற்றி லயத்துக்குப் பின்னால் நட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் வருவதாகப் பேச்சு. வீரம்மாவின் புருஷனை அங்கே வேறு முகாமுக்குப் பிரித்துக் கொண்டுபோனார்களாம், அவனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. ஆனாலும் வருகிறாள், கயிறு இழுக்கிறாள், என்னைத் திட்டுகிறாள். ஆறுமுகம்கூடப் போன வாரம் வந்து உட்கார்ந்தான். ஒன்றும் கடையவில்லை. கீழே கிடந்த சுருளை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் மகள் நன்றாக இருக்கிறாள். உன்னை மாதிரியே குருவி தீனிதான் தின்கிறாள். அன்னமும் தேறிவிட்டாள். தொட்டில் ஆடி ஆடி, சேலை உராய்ந்து, கட்டையின் இரண்டு பக்கமும் ஒரே பளபளப்பாகிவிட்டது. எலுமிச்சை எது கொய்யா எது என்று கண்ணை மூடிக்கொண்டால் எனக்கே சில சமயம் தெரியவில்லை. அந்த மூன்றாவது கோடு மட்டும் விரலுக்குத் தட்டுகிறது. இனி நீயே கடைந்துவிடு அத்தை என்கிறாள் அன்னம். நான் மாட்டேன் என்றில்லை. கை இப்போது நன்றாக நிற்கிறது. முழங்கையைக் கட்டிக்கொள்வதுகூட இல்லை. கயிறு இருக்கிறது, உளி இருக்கிறது, இழுக்க ஆளும் இருக்கிறது. அங்கே என்ன வரவேண்டும் என்றுதான் தெரியவில்லை. நான் அதட்டாமல் இருந்திருந்தால் அன்றைக்கே கடைந்திருப்பாயே, நானும் பார்த்திருப்பேனே. அந்த மூன்றாவது கோட்டில் என்ன வைப்பதாக இருந்தாய், குருவி?